ரசீது கேட்டு வாங்கச் சொன்ன வேட்பாளருக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் வார்டு மக்களுக்கும், வெளியிலிருந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

2022 பிப்ரவரி 22 அன்று பேரூராட்சித் தேர்தலுக்கு வாக்கு எண்ணி முடித்தார்கள். போலீசில் மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட எங்கள் வேட்பாளர் ஜெயிக்கவில்லை. இரண்டாம் இடம். கட்டிய டெபாசிட் 1,000 ரூபாய் திரும்ப வரும். தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதிப் பிழைக்கும் ஒரு பெண், கட்சி இல்லாமல், சொந்தபந்தம் என்று ஒரு தெருகூட இல்லாமல் இவ்வளவு ஓட்டு வாங்கியது சும்மா நடந்ததில்லை. அவரே நன்றி எழுதியிருக்கலாம். "ஊருக்கெல்லாம் எழுதி எழுதிக் கை அலுத்துப்போச்சு, நீங்களே எழுதிடுங்கண்ணா" என்று ஜெராக்ஸ் கடைக்காரனான என் தலையில் கட்டிவிட்டார்.

எந்தப் பேரூராட்சி, எத்தனையாவது வார்டு என்று இதில் போடவில்லை. உதவியவர்கள் பெயரும் இல்லை. ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "வேண்டாம்ணா, நாளைக்கு ஒரு காரியமா ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கணும்னா என்ன பண்றது" என்றார்கள். மீதிப் பேர் பெயரை மட்டும் போட்டால் விடுபட்டவர்கள் யார் என்று இந்த ஊருக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். சரி, யாருடைய பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தன் பெயரைப் போடவே ஆள் யோசிக்கிற ஊரில்தான் அந்த அம்மா இந்தப் பேச்சை எடுத்தார்.

அவர் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். வந்து வருஷக்கணக்கில் ஆகியும் இங்கே அவர் 'பொழைக்க வந்தவ'தான். சேலைக்கு மேல் ஆண் சட்டை, டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டி, யாரிடமும் குரல் தாழ்த்தாத பேச்சு. வேட்பாளர் என்றால் வெள்ளை வேட்டியும் நாலு காரும் என்று பழகிப்போன கண்ணுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

மற்றவர்கள் நோட்டீசில் சாக்கடையும் தெருவிளக்கும் இருந்தன. அவருடைய அரைத்தாள் நோட்டீசில் இருந்தது வேறு. போலீசில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பதிவு செய்ததற்கான சீட்டு, கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். கைது செய்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பெண்களையும் 65 வயது (2024 ஜூலை முதல் 60 வயது) தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணை என்று நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் செய்யுங்கள்.

"போலீசுக்கும் வார்டு மெம்பருக்கும் என்னம்மா சம்பந்தம்? நீ ஜெயிச்சா சாக்கடை அள்ளுவியா மாட்டியா?" என்று ஒரு பெரியவர் தெருவில் நிறுத்திக் கேட்டார். நியாயமான கேள்வி. கவுன்சிலர் சொல்லிப் போலீஸ் கேட்காது என்பதை எங்கள் வேட்பாளரும் மறைக்கவில்லை. "சாக்கடை அள்ளலைன்னா நீங்க மனு கொடுப்பீங்க. வாங்கினதுக்கு ரசீது தரலைன்னா அந்த மனு எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நான் மெம்பரானா ரசீது இல்லாம ஒரு மனு உள்ள போகாது. ராத்திரி யாரையாவது கூட்டிட்டுப் போனா ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பேன். இப்பவும் நிக்கிறேன், அப்ப கொஞ்சம் மரியாதையா உக்கார வைப்பாங்க" என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். ஓட்டு யாருக்குப் போட்டாரோ தெரியாது.

இந்தப் பேச்சு இங்கே எடுபட்டதற்குக் காரணம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்தி எங்கள் தர்மபுரி மாவட்டம். 1992 ஜூன் 20 அன்று அந்த ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த அடி, சூறை, பாலியல் வன்கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2018-இல் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களை வண்டியில் ஏற்றியதையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

முதல் நன்றி, வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட அம்மாவுக்கு. ஒரு ராத்திரி அவர் மகனை விசாரணை என்று கூட்டிப்போனார்கள். எந்த நிலையம் என்றுகூடச் சொல்லவில்லை. விடிய விடிய அந்த அம்மாவோடு அலைந்தவர் எங்கள் வேட்பாளர். மறுநாள் வழக்கு எதுவும் இல்லாமல் பையனை அனுப்பிவிட்டார்கள். முன்மொழிய ஆள் தேடியபோது ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் கல்யாணம், காய்ச்சல் என்று ஒதுங்க, இந்த அம்மா புளிக்கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். ஓட்டுப் போடுவதை யாரும் பார்ப்பதில்லை. முன்மொழிவது அப்படியா?

அடுத்து அச்சகத்துக்காரர். தேர்தல் நோட்டீசின் அடியில் அச்சடித்தவர் பெயர் இருக்க வேண்டும். அதற்காகவே இரண்டு அச்சகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இவர் தன் அச்சகத்தின் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டார். பாக்கிப் பணத்தை இன்னும் கேட்கவும் இல்லை. (கேளுங்கண்ணா, தந்துவிடுகிறோம்.)

வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்த தர்மபுரி வக்கீலுக்கு நன்றி. நாங்கள் ஆவேசமாக எழுதியிருந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, சட்டத்தில் இருப்பதை மட்டும் விட்டுவைத்தார். அப்புறம், காவல்துறையில் வேலை பார்க்கும் ஒருவர். வேறு எதற்கோ ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், மெஷின் மேல் கிடந்த நோட்டீசை எடுத்துப் படித்தார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "24 மணி நேரத்துல பயண நேரம் சேராது, அதையும் போடுங்க. இல்லைனா எங்காளுங்க அதையே பிடிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்த்தோம். அவருக்கு இரண்டு மடங்கு நன்றி.

நோட்டீசை எத்தனை பேர் படிப்பார்கள் என்ற கவலையைத் தீர்த்தவர் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டும் அண்ணன். ராஜா தர்பாரில் மனு கொடுக்கப் போன குடியானவன் ரசீது கேட்ட கதை என்று முச்சந்தியில் அவர் ஆரம்பித்தால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள். 'சி.எஸ்.ஆர். எங்கடா மந்திரி?' என்று பொடிசுகள் இன்றைக்கும் கத்திக்கொண்டு திரிகின்றன.

பிப்ரவரி என்பதால் வீட்டுக்கு வீடு திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. எங்கள் வேட்பாளரும் உட்கார்ந்து கூடவே கொட்டை எடுத்தபடி பேசினார். கேட்டதோடு விடாமல் அடுத்த தெருவுக்கும் கொண்டுபோன அந்தப் பெண்களுக்கு நன்றி. பெங்களூரில் கட்டட வேலையில் இருந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்சில் நின்றுகொண்டே வந்து, 19ஆம் தேதி ஓட்டுப் போட்டுத் திரும்பியவர்களுக்கு நன்றி. காலை 7 மணி முதல் பூத்தில் அசையாமல் உட்கார்ந்த கல்லூரிப் பெண்ணுக்கும் நன்றி. அவருக்கு முதல் ஓட்டே இதுதான். கவர் வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஓட்டுப் போட்டதாக ரகசியமாகச் சொன்னவர்கள் சிலர். அவர்களுக்கும் நன்றி சொல்வதா என்று எங்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஜெயித்தவருக்கு வாழ்த்துகள். ஒரு வேண்டுகோளும் உண்டு. கிராமத்துக்காரர்களுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராம சபை கூடும். அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பேரூராட்சியில் இருக்கிற நமக்கு அந்தத் தேர்தல் சமயத்தில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. அதே நாட்களில் வார்டு மக்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன் என்று எங்கள் வேட்பாளர் சொல்லியிருந்தார். அதை நீங்கள் எடுத்துச் செய்தால் யார் யோசனை என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். நாற்காலி போட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள்.

வசூலான பணம், செலவு இரண்டும் எழுதிய நோட்டு கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திரும்பி வரும் டெபாசிட்டில் அதே நோட்டீசை, ஓட்டுக் கேட்கும் வரியை எடுத்துவிட்டு, மறுபடி அடிக்கப்போகிறோம். போலீஸ் மனுவுக்கு ஜெராக்ஸ் எப்போதும் இலவசம். பிரச்சாரத்துக்குக் கொடுத்த இரண்டு எவர்சில்வர் குடமும் ஒரு ஜமுக்காளமும் யாருடையது என்று தெரியவில்லை. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். ரசீது தரப்படும்.