துடிப்பலை தெளியக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கான உயிர்மருத்துவத் தொழில்நுட்பக் கோடைப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. துணை நின்ற அனைவருக்கும் வணக்கம். எந்த உதவி எந்தக் கோளாறைத் தீர்த்தது என்று எழுதி வைத்தால் அடுத்து நடத்துபவர்களுக்கும் பயன்படும். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, தஞ்சாவூர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கு. நாடித்துடிப்பு உணரிக்கு வேண்டிய எல்எம்358 (சிறு மின் அலையைப் பெருக்கும் சில்லு), அகச்சிவப்பு எல்இடி, போட்டோடையோடு (ஒளியை உணரும் பாகம்), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி, ரெசிஸ்டர்களின் மதிப்பைத் தாளில் எழுதி ஒட்டித் தந்தார். அந்தத் தாள்தான் பெரிய உதவி. 6.8, 68, 680 கிலோ ஓம் மூன்றுக்கும் முதலிரு பட்டை நீலம், சாம்பல்தான். மூன்றாவது மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மாறும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். 680-ம் 6.8-ம் சேர்ந்தால் எல்எம்358-இன் ஒரு பெருக்குப் படி துடிப்பலையை 101 மடங்கு பெருக்கும். 680 இருக்கவேண்டிய இடத்தில் 68 போனால் 11 மடங்குதான். அலை தட்டையாகக் கிடக்கும். 4.7 மைக்ரோஃபாரடுடன் 68 கிலோ ஓம் சேர்வதால் 0.5 ஹெர்ட்சுக்குக் கீழான மெதுவான அலைச்சல் வடிகட்டப்படும். அங்கே 680 போட்டுவிட்டால் விரலை அசைக்கும்போதெல்லாம் கோடு திரையை விட்டு ஓடி, திரும்பிவர நேரமெடுக்கும்.

அரசு மருத்துவமனைக் கருவிப் பராமரிப்புத் தோழர்களுக்கும் நன்றி. கழித்துப் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் புரோபுகளை (விரலில் மாட்டும் உணரிகளை)ப் பிரித்து 660, 940 நானோமீட்டர் எல்இடிகளைக் காட்டினார்கள். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களில் வகுத்த விகிதக் கணக்கு (இரு ஒளிகளின் துடிப்பை ஒப்பிட்டு இரத்த ஆக்சிஜன் அளவைக் காண்பது) அதன் பிறகுதான் கரும்பலகையில் புரிந்தது. கறுப்பு, நீல நகப்பூச்சு ஆக்சிஜன் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும், குளிர்ந்த விரலில் அலை மெலியும் என்பதையும் செய்து காட்டினார்கள். விரல் குளிராதிருக்க ஏசியை நிறுத்தியபோது முணுமுணுக்காத ஆசிரியர்களுக்குத் தனி நன்றி!

இசிஜிக்கு (இதய மின்துடிப்பை வரைவதற்கு) ஏடி8232 என்ற பெருக்கிச் சில்லுப் பலகையும், உடலில் ஒட்டும் மூன்று மின்முனைகளும். இதய மின்துடிப்பு ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். சுவர் மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை எளிதாக மூழ்கடிக்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்ட வேண்டும். இரைச்சல் குறையும் என்பதைவிட, உடலில் மின்முனை ஒட்டியிருக்கும்போது சுவர் மின் இணைப்பு கூடவே கூடாது என்பதுதான் முக்கியம். இதற்காகவே சார்ஜ் ஏற்றிய மடிக்கணினிகளைக் காலையிலேயே கொண்டுவந்து தந்த பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு நன்றி.

ஜெல் மின்முனைகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அருகில், நிழலில் வைத்துப் பாதுகாத்த தலைமையாசிரியை அம்மாவையும் சொல்லியாக வேண்டும். உறையைப் பிரித்து வைத்தால் கத்திரி வெயிலில் ஜெல் காய்ந்து, கோடு நடுங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரித்தோம். தோலின் வியர்வையை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்த பிறகே ஒட்டினோம்.

சாப்பாடு, மோர், இன்வெர்ட்டர் தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

மீந்த பொட்டலங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கின்றன. வேண்டும் பள்ளிகள் வாங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மைனஸ் கோட்டை மட்டும் பார்த்துச் செருகுங்கள்.