சக்கரக் கத்தியும் எக்ஸ்ரே அட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் துண்டுத்துணிப் போர்வை தைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அட்டை வைத்து வரைந்து கத்தரியால் வெட்டுவதெல்லாம் பழைய காலத்து வேலை, இனிமேல் ரோட்டரி கட்டர் என்கிற சக்கரக் கத்திதான் என்று எழுதியவர் ஒரே போடாகப் போட்டிருந்தார். நான் வீரவநல்லூரில் 31 வருஷமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். மிஞ்சுகிற வெட்டுத்துணியில் போர்வை தைப்பது என் பொழுதுபோக்கு. என்னிடம் அட்டையும் இருக்கிறது, சக்கரமும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அட்டையால் நான் பட்ட பாட்டையும் மறைக்கவில்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு 144 துண்டு வெட்டினேன். 12 வரிசை, வரிசைக்கு 12. பாதி வழியில் அட்டையின் மூலை நைந்துவிட்டது. புதிதாக அளவெடுக்கச் சோம்பல்பட்டு, வெட்டிய துணித்துண்டையே மேலே வைத்து அடுத்த அட்டையை வரைந்துகொண்டேன். சாக்கட்டிக் கோட்டின் தடிமனும் சேர்ந்துகொண்டு துண்டுக்கு 1 நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடிவிட்டது. ஒரு நூல்தானே என்று தோன்றும். வரிசைக்கு 12 நூல் என்றால் ஒன்றரை அங்குலம். கடைசி வரிசைகள் பாவாடைக் கொசுவம் மாதிரி விரிந்து நின்றன. அத்தனையும் பிரித்தேன்.

அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் அண்ணன் மகள் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ரோட்டரி கட்டர் வாங்கிவந்தாள். "அத்தை, இதுக்கு ஒரு மேட்டும் இருக்கு" என்றாள். பாய் எதற்கு, பத்தமடையில் இல்லாத பாயா என்று நினைத்தேன். பச்சை நிறத்தில் கட்டம் போட்ட தகடு அது. கத்தி பட்ட கீறல் தானாக மூடிக்கொள்ளும். கட்டர் புதுசு என்று அவள் சொன்னாலும், ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் அதை 1979-லேயே கொண்டுவந்துவிட்டது. அவளைவிட மூத்தது.

சரி, நேர்ப்பட்டை வெட்டுவதற்கு அதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். வேகம் மட்டுமல்ல காரணம், தைக்கிற வரிசையையே அது மாற்றிவிடுகிறது. ஒன்பது கட்டம் வைத்த சதுரத்துக்கு ஒவ்வொரு கட்டமாக வெட்டவே வேண்டாம். இரண்டரை அங்குலப் பட்டைகளை இழுத்து, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்றை நீளவாக்கில் தைத்துவிட்டு, தைத்ததையே குறுக்கே இரண்டரை அங்குலமாக வெட்டினால் மூன்று கட்டம் ஒட்டியபடியே கைக்கு வரும். 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலத்தில்) கரை போக 16 தேறும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று இன்னொரு தொகுதி. முன்பு நாலு நாள் வேலை, இப்போது ஒரு மத்தியானம்.

ஆனால் துணியை மடிக்கும்போது ஓரமும் ஓரமும் நேராகச் சேரவேண்டும். இல்லாவிட்டால் பட்டை மடிப்பு வந்த இடத்தில் முழங்கை மாதிரி வளைந்திருக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியின் மூடியை மூடவேண்டும். நான் மூடாமல் வைத்து ஒருநாள் இடது பெருவிரலின் நகத்தோடு கொடுத்தேன். மேட்டைச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் விட்டதில் அது கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரித்ததுபோல் வளைந்தது தனிக்கதை.

இப்போது கட்டுரையாளர் பார்க்காத பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன முறைக்கெல்லாம் கடையில் மீட்டர் கணக்கில் எடுத்த துணி வேண்டும். எங்கள் மாதிரி ஆட்களிடம் இருப்பது அக்குள் வெட்டிலும் கழுத்து வெட்டிலும் விழுந்த கோணல்மாணல் துணி. அதன்மேல் அடி நீள ஸ்கேலை வைத்துச் சக்கரம் ஓட்ட இடம் ஏது? அட்டையை அங்கேயும் இங்கேயும் திருப்பி வைத்துப் பார்த்தால்தான் ஒரு முக்கோணமோ அறுகோணமோ தேறும்.

அட்டை என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, கொசுவம் விரிந்த அந்தப் போர்வைக்குப் பிறகு நான் வைத்திருப்பது பழைய எக்ஸ்ரே படத்தைக் கருப்புப் போகக் கழுவி வெட்டியது. மூலை நையாது. அடியில் மூலைகளில் மட்டும் சின்ன உப்புத்தாள் துண்டை ஒட்டிவிட்டால் துணிமேல் வழுக்காது. அதைவிட முக்கியம், அடியில் இருப்பது தெரியும். அம்மாவின் செடிபுட்டா (செடி உருவம் போட்ட) சேலை ஒன்று மடிப்பில் இற்றுப்போய்க் கிடந்தது. அதில் நல்லதாக இருந்த இடங்களில் எக்ஸ்ரே அறுகோணத்தை வைத்து, செடி ஒவ்வொன்றும் நட்டநடுவில் நிற்கும்படி நகர்த்தி நகர்த்தி 38 துண்டு எடுத்தேன். பட்டை பட்டையாகச் சக்கரத்தில் இழுத்திருந்தால் பாதிச் செடி தலையில்லாமல் போயிருக்கும். ஒன்று மட்டும்: எக்ஸ்ரே ஓரத்தில் சக்கரத்தை ஓட்டாதீர்கள், அதையும் சேர்த்துச் சீவிவிடும். கோடு போட்டுக் கத்தரியால் வெட்டவேண்டியதுதான்.

கையால் தைப்பவர்களைக் கட்டுரை மறந்தே போய்விட்டது. கைத்தையலுக்கு அட்டையைத் தையலுக்கு இடம் விடாமல் முடிவு அளவுக்கே வெட்டுவோம். துணியின் பின்பக்கம் வரைகிற கோடுதான் தைக்கிற கோடு. அதற்கு வெளியே 2 நூலைக் கண் அளவாக விட்டு வெட்டினால் போதும், வெட்டு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தையல் தப்பாது. சக்கரத்தில் வெட்டிய துண்டில் கோடே இருக்காது. அதற்கு மிஷின் வேண்டும், துணியின் ஓரத்திலிருந்து சரியாக 2 நூல் தள்ளித் தைக்கவும் தெரியவேண்டும். நான் ஊசியிலிருந்து 2 நூல் அளந்து மிஷின் தகட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கிற எங்கள் மதினி அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அப்புறம் அந்த முக்கோணக் கணக்கு. இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துத் தைத்து முடிந்தபின் 4 அங்குலம் வரவேண்டிய சதுரத்துக்கு 4½ அங்குலத்தில் வெட்டி மூலைக்கு மூலை அறுத்தால் போதும் என்று போட்டிருந்தீர்கள். அப்படிச் செய்தால் மூன்றரைக்குச் சற்றுக் கூடத்தான் வரும், ஏனென்றால் சாய்ந்த பக்கத்துக்கும் தையல் விடவேண்டும். 4 அங்குலம் 7 நூலில் வெட்டவேண்டும். மூலைக்கு மூலை இரண்டு தடவை அறுத்து நாலு முக்கோணமாக வேண்டுமென்றால் 5 அங்குலம் 2 நூல். முதலாவதில் நீளப் பக்கம் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) விழும், இரண்டாவதில் நீளப் பக்கம் நேர் இழையில் நிற்கும். போர்வையின் வெளிவிளிம்புக்கு இரண்டாவதைத்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்க இழுபடும். கைத்தறித் துணி என்றால் வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக்கொள்வது நல்லது.

கட்டர், மேட், ஸ்கேல் மூன்றையும் சேர்த்து வாங்கும் காசு எனக்குப் பத்து ஜாக்கெட் கூலி. பழைய எக்ஸ்ரே எந்த வீட்டுப் பரணிலும் கிடக்கும். புதிதாக ஆரம்பிக்கிற பெண்களிடம் முதலில் எதைச் சொல்லலாம் என்று கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த அறுகோணப் படத்தில் பக்கம் 1 அங்குலம் என்று போட்டிருந்தது. வெட்டி அளந்து பார்த்தேன், 7 நூல்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகும்போது சுருங்கிவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை படம் போடும்போது பக்கத்திலேயே 1 அங்குல நீளத்துக்கு ஒரு கோடும் போடுங்கள். டேப்பை வைத்துச் சரிபார்த்துவிட்டு வெட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஜாக்கெட் தைக்கும் வாசகி,
வீரவநல்லூர்.