ராப் ஸாம்பி குழுவினருக்கு: ரிக்ஸுக்கு ஒரு பாட்டு கொடுங்கள்

வணக்கம்.

ராக் பாடகர் ராப் ஸாம்பியின் குழுவில் கிட்டார் வாசித்த ஜான் 5, 2022-இல் மாட்லி க்ரூ என்கிற இன்னொரு ராக் குழு பக்கம் போனதும், அந்த இடத்துக்கு உங்கள் பழைய கிட்டார்காரர் மைக் ரிக்ஸையே திரும்பக் கூப்பிட்டீர்கள். 2024-இல் பழைய பாஸ் கிட்டார்காரர் பிளாஸ்கோவும் வந்து சேர்ந்தார். பழைய ஆட்களை ஒரே மேடையில் பார்ப்பதில் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நடுவில் ரிக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்கள் கச்சேரிக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1998-இல் வந்த 'ஹெல்பில்லி டீலக்ஸ்', 2001-இல் வந்த 'தி சினிஸ்டர் அர்ஜ்' என்கிற உங்கள் இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் அவருடையது. 'லிவிங் டெட் கேர்ள்' பாட்டை யாராவது முணுமுணுத்தால் குரலோடு சேர்ந்து கிட்டாரும்தான் காதில் கேட்கும். அப்புறம் ராப் படம் எடுக்கப் போனார், குழு கலைந்தது. பக்கவாத்தியக்காரர் என்ன செய்வார்? ரிக்ஸ் தானே மைக்கைப் பிடித்தார். 'ஸ்கம் ஆஃப் தி எர்த்' என்கிற அவருடைய சொந்தக் குழு அப்படித்தான் பிறந்தது. 2004-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவரும் உங்கள் பழைய ஆள்தான், ஜான் டெம்பெஸ்டா.

அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் "ஸாம்பி காப்பி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்கள். பிணம், ரத்தம், பழைய பேய்ப்படங்களின் வாடை, இயந்திரத்தனமான தாளத்தின் மேல் தடித்த கிட்டார்... எல்லாம் உங்களுடையது மாதிரியேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல வருஷம் அந்தக் கிட்டாரை வாசித்தவர் வேறு எப்படி வாசிப்பார்? தன் கையைத் தானே காப்பியடித்தார் என்று ஒருவர்மேல் புகார் சொல்வது வேடிக்கையாக இல்லையா?

எல்லாமே அற்புதம் என்று சொல்ல வரவில்லை. 2007-இன் 'ஸ்லீஸ் ஃப்ரீக்', 2012-இன் 'தி டெவில் மேட் மீ டூ இட்' என்கிற அடுத்த இரண்டு ஆல்பங்களையும் நான் அடிக்கடி போடுவதில்லை. வரிகளில் கொச்சை கொஞ்சம் தூக்கல். முதல் ஆல்பத்தின் 'கெட் யுவர் டெட் ஆன்' பாட்டின் கதை வேறு. செத்தவர்களை எழுப்பி ஆடவிடுகிற கும்மாளம் அது. பயமுறுத்த வேண்டும் என்கிற கவலையே அதற்குக் கிடையாது. உங்கள் கூட்டம் முதல் தடவை கேட்கும்போதே கூடவே கத்தும்.

ஜான் 5 இருந்தபோது அவர் தனியாக வாசிக்க மேடையில் நேரம் ஒதுக்கினீர்கள். அதே நேரத்தை ரிக்ஸுக்குக் கொடுங்கள். தனி வாசிப்பு வேண்டாம், அந்தப் பாட்டை அவரே பாடட்டும். பிளாஸ்கோவும் டிரம்ஸ்காரர் ஜிஞ்சர் ஃபிஷ்ஷும் கூட வாசித்தால் போதும். ஒத்திகைக்குப் பெரிதாக நேரம் பிடிக்காது. ராப், அந்தச் சில நிமிஷத்தில் நீங்கள் உள்ளே போய் அடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்