கருப்புச் சட்டைக்குப் போட்ட ஓட்டு

மதுரை,
மார்ச் 2022

மாப்ள,

ஆறு மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டுவாய். திட்டு. இங்கே எல்லாரும் சுகம். என் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நம்ம கூட்டாளி சோடா, கண் ஆபரேஷன் முடித்து வந்து, "இத்தனை நாளும் உன் மூஞ்சி நல்லா இருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்கிறான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

இப்போது எழுதுவது வேறு விஷயம். போன மாதம் 19ஆம் தேதி மாநகராட்சித் தேர்தலில் தப்பான ஆளுக்கு ஓட்டுப் போட்டுவிட்டேன். தெரிந்தே போட்டேன்.

எங்கள் வார்டில் ரெண்டு பேர்தான் கணக்கு. ஒருவன் நம் படிப்பகத்துப் பையன், அந்த மைக் செட் புகழ் ஆசாமி. இப்போதும் கருப்புச் சட்டைதான். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கறந்துவிடுவான். இன்னொருவர் முக்கில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா. வருடம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவர், ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுபவர். ஊரடங்கில் ரேஷன் கார்டு இல்லாத வீடுகளுக்கு அலைந்து திரிந்து அரிசி சேர்த்தவரும் அவர்தான். என் வாசலில் சாக்கடை பொங்கியபோது ஆளைக் கையோடு கூட்டிவந்து, அடைப்பு எடுக்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வரிசையில் நிற்கிறவரை அந்த அம்மாவுக்குத்தான் என்று இருந்தேன். மிஷின் முன்னால் போனதும், அவர் மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓட்டுக் கேட்டு வந்த கோலம் கண்ணில் நின்றது. விரல் தானாக இடம் மாறிவிட்டது.

வீட்டில் சொன்னேன். "சாதிக்காரனுக்குப் போடுறானுகன்னு ஊரையே வைவீங்களே, நீங்க இப்ப யாருக்குப் போட்டுட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை மாப்ள.

உன் அப்பத்தா ஞாபகம் வந்தது. 1971 சனவரியில் பெரியார் சேலத்தில் நடத்திய ஊர்வல விவகாரம் கிளம்பி, "ராமரைச் செருப்பால் அடித்தவர்களுக்கா உங்கள் ஓட்டு" என்று பிரசாரம் நடந்ததே. நமக்கு அப்போது அரைக்கால் டவுசர். அப்பத்தா திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு போய் உதயசூரியனில் குத்திவிட்டு வந்தது. உன் அப்பா கேட்டதற்கு, "சாமியச் சாமி பாத்துக்கும். எம்ஜிஆரை யாரு பாப்பா?" என்றதே! எம்ஜிஆர் அப்போது இருந்த திமுகவுக்கு 184 இடம். 2019இல் மட்டும் என்ன? தேரோட்டத்தன்றே ஓட்டுப்பதிவு என்று மதுரைக்கு ராத்திரி 8 மணிவரை நேரம் கொடுத்தார்கள். வடம் பிடித்த கையோடு வந்து அரிவாள் சுத்தியலை ஜெயிக்க வைத்த ஊர் இது. சாமி கும்பிடுகிறவர்கள் சாமியை வாசலில் விட்டுவிட்டுத்தான் பூத்துக்குள் போயிருக்கிறார்கள். இல்லாத சாமியை உள்ளே தூக்கிக்கொண்டு போனவன் நான்.

பெரியாரே 1967இல் யாருக்கு ஓட்டுக் கேட்டார்? காங்கிரசுக்கு. அந்தக் கட்சியில் திருநீறு பூசாதவனை விரல் விட்டு எண்ணிவிடலாம். காமராசர் திறந்த பள்ளிக்கூடங்களைத்தான் பெரியார் பார்த்தார், நெற்றியைப் பார்க்கவில்லை. இதை நானே எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். நீ கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறாய்.

அதற்காக நாத்திகனுக்கு ஓட்டுச்சாவடியில் வேலையே இல்லை என்று நீ ஆரம்பித்துவிடாதே. சட்டமன்றத்துக்கு என்றால் கேட்கத்தான் வேண்டும். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய தபோல்கரைச் சுட்டுக் கொன்ற பிறகு 2013இல் மகாராஷ்டிரத்தில் அதற்கென்றே சட்டம் வந்தது, கர்நாடகத்திலும் வந்தது. பெரியார் மண் என்று மார் தட்டுகிற நம்மிடம் இல்லை. அதைக் கொண்டு வருவாயா என்று கேட்டு ஓட்டுப் போடுவது நாத்திகம். சாக்கடை அள்ள வந்தவரின் குங்குமத்தைப் பார்த்தது என்ன இழவு?

அந்த அம்மா 11 ஓட்டில் தோற்றுவிட்டார். என் ஒன்றால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லாதே, சோடா சொல்லிவிட்டான்.

நேற்று இட்லி வாங்கப் போனேன். கெட்டிச் சட்னியைக் கூடவே வைத்துக் கட்டிவிட்டு, "அண்ணே, இந்தத் தெருவுல நீங்க எனக்குத்தான் போட்டிருப்பீங்கன்னு தெரியும். நீங்கதான் சாமி கீமின்னு பாக்காத ஆளு" என்றார். காசு கொடுக்க மறந்து வந்துவிட்டேன்.

சித்திரைக்கு வா. ரெண்டு வருடம் கோயிலுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள், இந்தத் தடவை அழகரை ஆற்றில் பார்க்க ஜனங்களை விடுவார்கள் என்கிறார்கள். வழக்கம்போல தல்லாகுளத்தில் நின்று ஓசி மோர் குடிப்போம். காலைப் பலகாரம் அந்தக் கடையில்தான். அந்த அம்மாவிடம் நீ பேச்சுக் கொடு, நான் தலையைக் குனிந்து தின்றுகொள்கிறேன்.

உன்,
தாடி