நட்டவனே உண்ணும் ஊர்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. உடுப்புகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப்போடுகிறோம். தேவாலயத்துக்குப் போகும் சட்டையிலும் புகை மணம்.

உனக்குக் கனடாவில் குடியுரிமை கிடைத்த செய்தியைத் தம்பி சொன்னான், படத்தையும் காட்டினான். மிகவும் சந்தோஷம். அதோடு நீ அனுப்பிய குரல் பதிவையும் கேட்டேன். "இனி எது அப்பா என் ஊர்?" என்று கேட்டிருந்தாய். அதோடு விட்டாயா? "பரலோகம்தான் நம் வீடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைச் சொல்லியே நம் சனங்களை லயத்து ஒற்றைக் காம்பராவுக்குள் அடைத்து வைத்தார்கள்" என்றும் சொல்லிவிட்டாய். இதற்குத் தொலைபேசியில் பதில் சொன்னால் நமக்குள் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1854 இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே சுவிசேஷம் சொல்லத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்குக் கைகொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் உண்டு. துரையின் தயவில்லாமல் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத உபதேசியார், சம்பளத்தைப் பற்றி எப்படி வாய் திறந்திருப்பார்? "இங்கே பாடு, அங்கே சுகம்" என்கிற பிரசங்கத்தை நானும் சிறுவயதிலிருந்து கேட்டவன்தான். அந்தப் பிரசங்கம் யாக்கோபு எழுதிய நிருபத்தின் பக்கமே போகாது. வயலை அறுத்த வேலைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவிக்கு எட்டியிருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறது. 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய்க்காக நம் பெண்கள் வெயிலில் நின்றபோது எந்தப் பிரசங்க பீடத்திலாவது அந்த வசனம் வாசிக்கப்பட்டதா? நான் கேட்கவில்லை.

ஆனால் பரலோகத்தைத் தப்பாகச் சொன்னார்கள் என்பதற்காக, பரலோகமே தப்பு என்று ஆகிவிடாது. ஏசாயா 65 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். புதிய வானத்தையும் புதிய பூமியையும் படைக்கிறேன் என்று தேவன் சொல்கிறார். அங்கே என்ன நடக்கும்? வீணை வாசித்துக்கொண்டு மேகத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அதில் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் அதிலே குடியிருப்பார்கள். தோட்டம் நாட்டுகிறவர்கள் அதன் கனியைச் சாப்பிடுவார்கள். ஒருவர் கட்ட இன்னொருவர் குடியேறுவதும், ஒருவர் நாட்ட இன்னொருவர் தின்பதும் அங்கே இல்லை. மலையகத்தான் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? உன் அம்மா கிள்ளிய கொழுந்தில் நல்ல தூள் எல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போனது. நம் குசினிக்கு வந்தது டஸ்ட் என்கிற பொடித் தூள். அதையும் பாலில்லாமல், சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். இந்த அதிகாரத்தை நம்புகிறவனுக்கு லயக்காம்பரா போதும் என்று எப்படித் தோன்றும்? அவன்தான் முதலில் எழுந்து, இது சரியில்லை என்று சொல்ல வேண்டும்.

இனி நீ கேட்ட ஊர் விஷயம். உன் தாத்தா பிறந்ததும் இந்த மலையில், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் கை காய்த்ததும் இந்த மலையில். 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் எந்த நாட்டுக்கும் ஆகாதவரானார். அப்படியே கண்ணை மூடினார். 1964 இல் இந்தியப் பிரதமரும் இலங்கைப் பிரதமரும் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்கில்தான் என் அத்தை இந்தியாவுக்குப் போனார்.

ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது எழுந்த ஒப்பாரியை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். தகரப்பெட்டி, பாய், இரண்டு பித்தளைக் குடம், அவ்வளவுதான் அத்தை எடுத்துப்போனது. அம்மியைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாதென்று நம் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு மூலை உடைந்திருக்கிறதே, நீ சம்பல் அரைத்துப் பழகிய அதே அம்மிதான். போய்ச் சேர்ந்த இடம் நீலகிரி. அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம். இங்கே நம்மை இந்தியத் தமிழர் என்று எழுதினார்கள். அங்கே அத்தையைச் சிலோன்காரி என்று கூப்பிட்டார்கள். தாய்நாடு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்! அத்தை போட்ட கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: பீலிக்கரைப் பலாமரம் காய்த்ததா?

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11 ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான். ஆபிரகாமும் அவன் பிள்ளைகளும் விட்டுவந்த தேசத்தையே நினைத்திருந்தால் திரும்பிப்போகச் சமயம் கிடைத்திருக்கும், ஆனால் அவர்கள் தேடியது அதுவல்ல, பரமதேசம் என்று அங்கே இருக்கிறது. திரும்பிப்போனவர்களுக்கும் அந்தத் தேட்டம் தீரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கனடாவில் பிரமாணம் எடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை என்றாயே, அதற்காகக் குழம்பாதே. நன்றி கெட்டவள் என்று உன்னையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்தத் தேட்டம் உனக்கு மட்டும் வந்த ஒன்றல்ல.

அதற்காகக் கடவுச்சீட்டை அலட்சியமாக வைத்துவிடாதே. பவுலைப் பார். பிலிப்பியில் அவரை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, காலையில் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். ரோமக் குடிமகனை அடித்தீர்களே, நீங்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் அசையாமல் நின்றார். பிலிப்பி ரோமருடைய குடியேற்றம். அந்த உரிமையின் அருமை ஊரிலே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே ஊர்ச் சபைக்குத்தான் பிறகு அவர், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று எழுதினார். இருந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரிந்தவர் எழுதிய வார்த்தை அது.

ஆபிரகாமையும் பார். தேசம் முழுவதும் உனக்குத் தருவேன் என்று தேவனே வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சாராள் இறந்தபோது அவளை அடக்கம்பண்ண அவனுக்கென்று ஒரு முழம் மண் இல்லை. நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன் என்று சொல்லி ஏத்தின் புத்திரரிடம் நிலம் கேட்கிறான். எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் சம்மதிக்கவில்லை. ஊர் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் எல்லாவற்றையும் உறுதிப்படுத்திக்கொள்கிறான். நம் ஊர் நொத்தாரிசு எழுதுகிற காணி உறுதியைப் போலவே இருக்கும், ஆதியாகமம் 23 ஐ வாசித்துப் பார். தேவன் கட்டுகிற நகரத்துக்குக் காத்திருந்த மனிதன்தான் இவ்வளவு கறாராக நின்றான். தயவில் கிடைத்த மண்ணை நாளைக்குத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

நம் ஏழு பேர்ச் காணியில் நிற்கிற வீட்டுக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. போகும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை. என்னை அங்கே வந்து இருக்கச் சொல்கிறாய். உறுதி கைக்கு வந்த பிறகு, குளிர் இல்லாத மாதமாகப் பார்த்து வருகிறேன், பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். என்ன வசனம் வெட்டுவது என்பதில்தான் இழுபறி. நான் ஏசாயா 65:22 என்கிறேன். கல்லறையில் யாரும் அதைப் போடுவதில்லை, யோவான் 14 போடுங்கள், பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்று இருக்கட்டும் என்கிறார் நம் சபைக் குருவான ஐயர். வாழ்நாள் முழுவதும் ஒரே காம்பராவில் இருந்தவளுக்கு அதுவும் பொருத்தம்தான், மறுக்க முடியவில்லை. தம்பி, அக்கா சொல்கிறதைப் போடுவோம் என்கிறான். யோசித்து எழுது. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்குகிறார், அதையும் மனதில் வைத்துக்கொள். பணம் அனுப்ப வேண்டாம், இருக்கிறது.

அன்புடன்,
அப்பா