செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய இசை நாடகங்களுக்கு முன்னோட்டம் நடத்திய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும். அந்தச் செலவும் சங்கத்தின் தலையில்தான் விழுகிறது என்பதை இங்கேயே குறித்துவைக்கிறேன்.

சென்ற ஆண்டில் செயற்குழு 6 முறை கூடியது; 4 முறை கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இருந்தார்கள். மாதாந்தரப் பாடல் வாசிப்பு வழக்கம்போல் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். மேடைப் பாடல்களில் தாளம் குறித்து ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தோம். பேச வந்தவர் நிறையவே பேசினார். நூலகத்துக்கு அலமாரி வாங்கும் தீர்மானம் மூன்றாவது ஆண்டாக நிலுவையில் இருக்கிறது.

இனி, நம் உறுப்பினர்களின் புதிய இசை நாடகங்களைச் சுருக்கித் தயாரிப்பாளர்களுக்கு நடித்துப் பாடிக் காட்டிய முன்னோட்டத்துக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். பார்க்க வராதவர்கள் கூடுதலாகவே பேசுகிறார்கள்.

நம் சங்கத்தில் கதை எழுதுகிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள், இசையமைக்கிறவர்கள் எல்லோரும் உண்டு. பணம் போட்டு மேடையேற்றுகிறவர் ஒருவர்கூட இல்லை. எழுதி முடித்த பிரதியைத் தயாரிப்பாளருக்கு அனுப்புகிறோம். அது அவர் மேசையில் கிடக்கிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை. வசன நாடகத்தைப் படித்தே எடைபோட்டுவிடலாம். இசை நாடகப் பிரதியில் பாட்டு வரும் இடத்தில் பன்னிரண்டு வரிகள் கிடக்கும். அவை மேடையில் இரண்டு நிமிடம் ஓடுமா, ஆறு நிமிடம் ஓடுமா, பாடி முடித்ததும் அரங்கம் கைதட்டுமா, இருமுமா என்பதைத் தாள் சொல்லாது. பாடித்தான் காட்ட வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1943-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் அரங்கேறி 2,212 காட்சிகள் ஓடிய 'ஓக்லஹோமா!' இசை நாடகத்துக்குப் பணம் திரட்ட, இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் பாட்டு எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் செல்வந்தர் வீட்டு வரவேற்பறைகளில் அதன் பாட்டுகளைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களே வீடு வீடாகப் போனார்கள் என்றால் நமக்கு என்ன கௌரவம் குறைந்துவிடப் போகிறது?

அந்த வரவேற்பறை வேலையை ஒழுங்குபடுத்தி, நியூயார்க்கில் 1989 முதல் இசை நாடக அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று விழாவாகவே நடத்திவருகிறது. வழக்கமாக எட்டுப் புதிய நாடகங்கள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். முதல் கட்டத் தேர்வில் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுத்தான் பிரதியைப் படிக்கிறார்கள். 2013-இல் அங்கே காட்டப்பட்ட 'கம் ஃப்ரம் அவே' 2017-இல் பிராட்வேக்குப் போனது. நடுவில் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்படி, முன்னோட்டம் முடிந்த மறுவாரமே "என்ன ஆயிற்று?" என்று எனக்குத் தொலைபேசியில் கேட்ட உறுப்பினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முறையை நாமும் பின்பற்றலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். வழிமொழிந்தவர் அதன்பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. "விடிய விடிய நாடகம் பார்த்த கண்ணுக்கு 45 நிமிடம் எந்த மூலைக்கு?" என்று நம் மூத்த உறுப்பினர் ஐயா கேட்டார். ஐயாமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. விடிய விடியப் பார்த்தவர் ரசிகர். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறவர். இதை அன்றே சொல்லியிருப்பேன். ஐயா காதில் கருவி மாட்டியிருக்கவில்லை.

17 பிரதிகள் வந்தன. பெயரை நீக்கி, எண் ஒட்டி, சங்கத்தைச் சேராத மூன்று நடுவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் தேர்ந்தெடுத்த மூன்றில் ஒன்று என்னுடையது. இது குறித்து இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றில் கையெழுத்து இல்லை. எண்களை ஒட்டியவன் நான் என்பது உண்மை. பிரதிகளை நடுவர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. வேறு யாராவது போக முன்வந்தார்களா என்று திருப்பிக் கேட்கிறேன். நடுவர்களிடம் பத்து நிமிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் எண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அடுத்தது, வெட்டும் வேலை. இரண்டரை மணி நேர நாடகத்தை 45 நிமிடமாக்குவது, எழுதியவனின் விரலை அவனையே நறுக்கச் சொல்வது. எல்லோரும் தங்கள் நாடகத்தின் நல்ல பாட்டுகளைப் பொறுக்கிக் கோத்துத் தரவே விரும்பினார்கள். நான் விடவில்லை. அப்படிச் செய்தால் அது கச்சேரி. பேசிக்கொண்டிருக்கும் பாத்திரம் எந்த இடத்தில் பேச்சுப் போதாமல் பாடத் தொடங்குகிறது என்பதைத்தான் தயாரிப்பாளர் பார்க்க வருகிறார். தொடக்கப் பாட்டு இருந்தே ஆக வேண்டும். நாயகனோ நாயகியோ தனக்கு என்ன வேண்டும் என்று பாடும் பாட்டு கட்டாயம். விடுபட்ட காட்சிகளைக் கதைசொல்லி இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிட வேண்டும். முடிவைக் காட்டக் கூடாது. முடிவு தெரியாதவர்தான் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குவார். முதல் நாடகத்தின் ஆசிரியர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, இறுதிக் காட்சியை அப்படியே வைத்திருந்தார். ஒத்திகையில் எடுத்தோம். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர் நாடகத்தின் பிரதியைத்தான் ஒரு தயாரிப்பாளர் பின்னர் கேட்டு வாங்கினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அரங்க அமைப்பு இல்லை, உடையலங்காரம் இல்லை, ஒரு பியானோ, ஒரு தாளக் கருவி, நடிகர்களுக்கு முன்னால் பிரதி வைக்க ஸ்டாண்டுகள். இவ்வளவுதான் என்று மூன்று சுற்றறிக்கைகளில் எழுதியிருந்தேன். இருந்தும் மூன்றாம் நாடகக் குழுவினர் ஊஞ்சல் ஒன்றை வாடகைக்கு எடுத்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். காதல் காட்சிக்கு ஊஞ்சல் இல்லாமல் முடியாதாம். அப்படி முடியாது என்றால் குறை காதல் காட்சியில் இருக்கிறது என்று சொன்னேன். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டதாக இப்போது நினைக்கிறேன். ஊஞ்சல் திரும்பிப் போனது. வாடகை அவர்கள் கணக்கில்தான்.

ஒத்திகை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க நடிகர் சங்கத்தின் விதிகளில் 29 மணி நேர வாசிப்பு என்று ஒரு வகை உண்டு: இரண்டு வாரத்துக்குள் ஒத்திகையும் காட்சியும் சேர்த்து 29 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அங்கே அது உச்ச வரம்பு. நமக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கிடைத்த நேரத்திலும் தேநீர் குடிக்கப் போனவர்கள் வெகு தாமதமாகவே திரும்பினார்கள்.

23 தயாரிப்பாளர்களுக்கு அழைப்பு அனுப்பினோம். 9 பேர் வருவதாகச் சொன்னார்கள். 6 பேர் வந்தார்கள். குறைவுதான். ஆனால் அந்த ஆறு பேரும் எதற்காக வந்திருக்கிறோம் என்று தெரிந்து வந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை உறுப்பினர்கள் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. எத்தனை நடிகர்கள்? ஒருவரே இரண்டு வேடம் போட முடியுமா? எத்தனை வாத்தியக்காரர்கள்? இடைவேளை எந்த இடத்தில்? மூலக்கதை யாருடையது, உரிமை யாரிடம் இருக்கிறது? ராகம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நம் இசையமைப்பாளர்களுக்கு இதில் வருத்தம்.

உரிமைக் கேள்வியில்தான் நாம் சறுக்கினோம். மூன்றாம் நாடகம் ஒரு நாவலைத் தழுவியது. எழுத்து மூலமான அனுமதி இருக்கிறதா என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டார். "நாவலாசிரியரின் குடும்பத்தார் எனக்கு நன்கு பழக்கமானவர்கள்" என்று நம் உறுப்பினர் பதில் சொன்னார். வந்தவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார். பழக்கத்தை நம்பி யாரும் பணம் போடுவதில்லை. முதல் நாடகத்தில் வேறொரு சிக்கல். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குள் ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளாமல் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்கிறார்கள்; இப்போது பங்கு பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு, இருவரில் ஒருவர் விலகினால் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை முதல் பாட்டு எழுதும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

என் நாடகம் 53 நிமிடம் ஓடியது என்ற புகாருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முந்தைய நாடகம் தாமதமாகத் தொடங்கியது. பியானோவில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. நடுவில் கைதட்டல் இருந்தது. அதைக் கழித்துக் கணக்கிட்டால் 50 நிமிடத்துக்குள்தான் வரும். இதனால்தான் ஒரு தயாரிப்பாளர் மூன்றாம் நாடகத்தின் பாதியில் எழுந்து போனார் என்பது சரியல்ல. அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது, நான் பார்த்தேன். என் நாடகத்தைப் பற்றி வேறொருவர் "மறக்க முடியாது" என்றார். எந்தப் பொருளில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பலன் என்ன? முதல் நாடகத்தின் முழுப் பிரதியும் பாடல் பதிவுகளும் ஒரு தயாரிப்பாளரிடம் இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் தராமல் மேடையேற்றும் உரிமையை அவருக்கு ஒதுக்கிவைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. முன்பணம் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லச் சொல்லி வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வருகைப் பதிவு. சங்கத்தின் உறுப்பினர்கள் 64 பேர். அன்று அரங்கில் இருந்தவர்கள், மேடையில் பாடியவர்களையும் சேர்த்து, 19 பேர். தேர்வாகாத 14 பிரதிகளின் ஆசிரியர்களில் வந்தவர்கள் மூவர். மற்றவர்களில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் கண்டிருக்கிறது. மனம் புண்பட்டிருக்கும், புரிகிறது. எனக்கும் நிராகரிப்புக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனால் நகைச்சுவைப் பாட்டு ஒன்று காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தேறுவதை அன்று பார்த்தேன். பாடிய பெண் நன்றாகவே பாடினார். சிரிக்க ஆள் இல்லை. தயாரிப்பாளர் மேடையைப் பார்க்கவில்லை, திரும்பி அரங்கைப் பார்த்தார். சக எழுத்தாளனின் பாட்டுக்கு வந்து உட்காராதவர், நாளைக்குத் தன் பாட்டுக்கு யாரை எதிர்பார்க்கிறார்?

சந்தாவை முழுமையாகக் கட்டியவர்கள் 29 பேர். பாதி கட்டியவர்கள் சிலர். ஒருவர் கட்டாத சந்தாவுக்கு ரசீது கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்களின் பெயர்களை நான் இங்கே வாசிக்கப்போவதில்லை, அது பண்பல்ல. பட்டியல் வெளியே அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். நன்கொடையால் நிலைமை சமாளிக்கப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு விடப்படும். பியானோவுக்குச் சுருதி சேர்த்த செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அதைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். உறுப்பினர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அரங்கைச் சலுகையில் தந்தவர்களுக்கும், நடுவர்களுக்கும், ஊதியம் எதிர்பாராமல் பாடிய கலைஞர்களுக்கும், பியானோ வாசித்தவருக்கும், தலைவர் அவர்களின் ஆசிகளுக்கும் நன்றி. கடைசி வரை இருந்து நாற்காலிகளை மடித்துவைத்த இரு இளம் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்கள் இருவரும் சந்தாவும் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு முன்னோட்டம் நடக்குமா என்று கேட்கிறார்கள். நடக்க வேண்டுமானால், எண் ஒட்டும் வேலையை வெளியார் ஒருவர் செய்யட்டும். நேரம் முடிந்ததும் மணி அடிக்க ஒருவரை உட்கார வைப்போம், யாருடைய நாடகமாக இருந்தாலும். தழுவல் என்றால் உரிமைக் கடிதத்தின் நகல் இல்லாமல் பிரதியை வாங்கக் கூடாது. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் வந்து உட்காருவேன் என்று ஒவ்வொருவரும் விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும்.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது ஆண்டு. உடம்பும் முன்போல் இல்லை. வேறு யாராவது முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைத்துவிடுவேன். வேட்புமனுப் படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. இன்றுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. பொதுக்குழு வேறு விதமாக வற்புறுத்தினால் அதை மீறுகிறவன் நான் இல்லை.

கடைசியாக ஒன்று. முன்னோட்டத்துக்கு எடுத்த ஆறு ஸ்டாண்டுகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. அவை யார் வீட்டில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். இந்த மாத இறுதிக்குள் அலுவலக வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும், கதவைத் தட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்