குழாய் ஒழுகியதற்குச் சூனியக்காரி பட்டமா?

நம் பிளாக் நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

ஆறாம் மாடிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வர ஏழாம் மாடி ஆன்ட்டி செய்வினை வைத்தார் என்று சொல்லி, அவரை வீடு காலி செய்யச் சொல்லும் மனுவை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுக்கப் போகிறீர்களாம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நீட்டினார்கள், கையில் சந்தைப் பை வேறு, படிக்காமலே போட்டுவிட்டேன். ஆன்ட்டி மேல் பழி சொல்லிச் சுற்றிய குரல் பதிவையும் என் தங்கைக்கு அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

செய்வினைக்கு ஆதாரம் என்று சுற்றிய அந்த எலுமிச்சம்பழப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். குங்குமம் இருக்கிறது, சரி. ஒரு பக்கம் நசுங்கி டயர் அச்சும் இருக்கிறதே? முதல் நாள் சாயங்காலம் மூன்றாம் மாடிப் பையன் புது மோட்டர் சைக்கிள் எடுத்து வந்து கீழேயே பூசை போட்டான், சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றினான், அவன் அம்மா கொடுத்த கேசரியை நாம் எல்லோரும்தான் சாப்பிட்டோம். ஆறாம் மாடிப் பிள்ளைக்கு வந்தது டிங்கிக் காய்ச்சல். அந்த வாரம் நம் பிளாக்குக்கே கொசுப் புகை அடித்தார்கள், மறந்துவிட்டதா?

உண்மையான சண்டை குளியலறைக் கூரையில் இருக்கிறது. மேல் வீட்டுத் தண்ணீர் எட்டு மாதமாகக் கீழ் வீட்டில் ஒழுகுகிறது. உங்கள் குழாய்தான் என்று ஆறாம் மாடிக்காரர், பிளாக்கின் பொதுக் குழாய் என்று ஆன்ட்டி. பேச்சு நின்றது, படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் பழைய கோபத்துக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது.

இது புதிதும் இல்லை. 1692இல் அமெரிக்காவின் சேலம் கிராமத்தைச் சேர்ந்த ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயதுக் கிழவியைச் சூனியக்காரி என்று தூக்கில் போட்டார்கள். குற்றம் சாட்டியவர்களில் முன்னால் நின்றது புட்னம் குடும்பம். அவர்களுக்கும் கிழவியின் பிறந்த வீட்டாருக்கும் பல வருட நிலத் தகராறு. ஒரு பெண் சொன்ன சாட்சியம்தான் எனக்கு மறக்கவில்லை: எங்கள் பன்றி தோட்டத்தில் புகுந்ததற்கு அவள் வந்து திட்டினாள், கொஞ்ச நாளில் என் கணவர் நோயில் விழுந்து செத்துப்போனார். அவ்வளவுதான். பன்றி என்ற இடத்தில் குழாய் என்று போட்டுப் பாருங்கள். அந்த ஊரிலும் 39 பேர் மனு கொடுத்தார்கள், ஆனால் கிழவி நல்லவள் என்று. முதலில் குற்றமில்லை என்று சொன்ன ஜூரிகளே பிறகு மாற்றிச் சொன்னார்கள். அந்த ஊர் வழக்குகளில் தூக்கில் தொங்கியவர்கள் மொத்தம் 19 பேர். சாட்சி சொன்ன சிறுமி ஆன் புட்னம் 1706இல் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டாள். கிழவி போய் 14 வருடம் ஆகியிருந்தது.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். ஒழுகல் புகார் வந்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நம் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு விதிகள் சொல்கின்றன. எட்டு மாதத்தில் ஒருவராவது ஏணி தூக்கிக்கொண்டு போனீர்களா? போயிருந்தால் இந்த மனுவே வந்திருக்காது. பினாங்கு மழைக்காலத்தில் ஒழுகாத பிளாக் எது?

ஆன்ட்டி இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை, மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்களாம். முட்டி வலியோடு ஏழு மாடி நடக்கிறார். நேற்று ஐந்தாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அரிசிப் பை. நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எதுவும் பேசவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குழாய்க்காரரை அழைத்து வாருங்கள், ஆகும் செலவில் என் பங்கைத் தருகிறேன். மனுவில் என் கையெழுத்து இரண்டாம் பக்கத்தில் மேலிருந்து நான்காவது. அதை அடித்துவிடுங்கள்.